குடுவையில் ஒட்டிய தேங்காய் எண்ணெய்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், சிட்னியில் லிட்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பித்தவள் நான். இங்கே ஆய்வுகூடத்துக் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவினேன். வேலை என்று ஒன்று கிடைத்ததே பெரிது என்றிருந்த காலம்.

அங்கே ஓர் அகச்சிவப்புக் கருவி இருந்தது. ஓடைத் தண்ணீரைக் குடுவையில் ஒரு கரைப்பானோடு சேர்த்துக் குலுக்கினால், தண்ணீரில் உள்ள எண்ணெய் கரைப்பானுக்குள் வந்துவிடும். அதனூடாக அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தும்போது எண்ணெய் எந்த இடத்தில் ஒளியை விழுங்குகிறதோ, அந்த இடத்தில் தாளில் கீறப்படும் கோடு பள்ளமாக இறங்கும்; எண்ணெயின் வகையைப் பொறுத்துப் பள்ளம் விழும் இடம் மாறும். அந்தக் கருவியை இயக்கியவர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். மாணவியாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள், ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் ஓடும் ஓடையின் தண்ணீரில் எண்ணெய் நிறைய இருப்பதாகக் கருவி காட்டியது. தொழிற்சாலையிலிருந்துதான் கசிகிறது என்று மேலாளர் அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டார். மலேசியத் தோழி மட்டும் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, இங்க பாருங்க. எஞ்சின் ஆயில்னா இந்த இடத்துல பள்ளம் விழாது. இது சமையல் எண்ணெய் மாதிரி இருக்கு."

அந்தக் குடுவையைக் காலையில் கழுவித் துடைத்தவள் நான். கையுறை முடிந்திருந்தது. புதுப் பெட்டி எடுத்துவரப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் வெறுங்கையாலேயே துடைத்திருந்தேன். நெற்றியில் விழும் முடியை அடிக்கடி ஒதுக்குவது என் பழக்கம். தலை நிறையத் தேங்காய் எண்ணெய்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் ஒரு பிழையும் செய்யாதவர்கள் மேல் அல்லவா பழி விழப்போகிறது?

"அது என்ர தலை எண்ணெயாத்தான் இருக்கும்," என்றேன். "கையுறை போடாமல் துடைச்சனான்."

"நிச்சயமாவா?"

"ஓம்."

அவர் கோபிக்கவில்லை. "ஒரு முடி குடுங்க," என்று வாங்கி, சுத்தமான கரைப்பானில் நனைத்துக் கருவியில் வைத்தார். அதே இடத்தில் அதே பள்ளம். ஓடையிலிருந்து வந்த இரண்டாவது போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. அதை வேறு குடுவையில் சோதித்தார். எண்ணெயே இல்லை.

இருவரும் மேலாளரிடம் போனோம். நடந்ததை நானே சொன்னேன். அவர் வாயைத் திறப்பதற்குள் தோழி முந்திக்கொண்டு, பிழையைக் கண்டுபிடித்த பெருமையையும் எனக்கே கொடுத்து, இரசாயனவியல் தெரிந்த என்னைக் கருவியில் பழக்கலாம் என்று ஆங்கிலத்தில் படபடவென்று சொன்னார். மேலாளர் அறிக்கையைக் கிழித்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து கருவியில் உட்காரச் சம்மதமா என்று என்னைக் கேட்டார். சம்மதம் என்று தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அந்தக் கருவியோடுதான் என் உத்தியோகம். தோழி கலியாணம் கட்டி மெல்பேர்னுக்குப் போய்விட்டார். பல வருடங்கள் கழித்து, நான் மெல்பேர்னுக்குப் போனபோது, அங்கே த பேசின் என்ற இடத்திலுள்ள பிள்ளையார் கோயில் கார் நிறுத்துமிடத்தில் அவரைக் கண்டேன். கையைப் பிடித்து, அன்றைக்குச் சொல்லாமல் விட்ட நன்றியைச் சொன்னேன்.

"அப்படியா நடந்துச்சு? எனக்கு ஞாபகமே இல்லக்கா!" என்று சிரித்தார்.

பூசைக்கு மணி அடித்தும் நாங்கள் உள்ளே போகவில்லை. காரில் சாய்ந்தபடி, அன்று நடந்ததையெல்லாம் முதலிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொண்டு நின்றேன்.