கவ்வாத்துக் காலத்து மறியல்

ஜெகதளாப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் சாலை மறியலுக்குக் கூடியபோது, ஒரு செடிகூடச் சொந்தமில்லாத என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். புத்தகம் படிப்பவன் என்ற கெட்ட பெயர் எனக்கு உண்டு. உப்பு அள்ளியதிலிருந்து பெயர்ப்பலகைக்குத் தார் பூசியதுவரை வரலாற்றை விரித்து, கடைசியில் ஒரு தத்துவத்தையும் உதிர்த்தேன்: போராட்டத்தில் பொருளைத் தொடலாம், ஆளைத் தொடக்கூடாது. கைதட்டினார்கள். குளிருக்குக் கையைத் தேய்த்ததாகவும் இருக்கலாம்.

பச்சை இலைக்கு விலை கூடும்வரை யாரும் ஃபேக்டரிக்கு இலை அனுப்பக்கூடாது என்று சங்கத் தலைவர் அறிவித்தார். அந்த மனிதரை எனக்கு ஆகவே ஆகாது. அவர் தோட்டத்தில் அப்போதுதான் கவ்வாத்து முடிந்திருந்தது. செடிகளை அப்படி ஒட்ட வெட்டிவிட்டால் மாதக்கணக்கில் கிள்ள ஒரு கொழுந்து இருக்காது. வயிறு சரியில்லாதவன் ஏகாதசி விரதம் இருந்த கதைதான். இதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

"உங்களுக்குத் தோட்டமே இல்லீங்களே சார்" என்றார்.

அந்த நேரம் பார்த்து என் அடுத்த வீட்டு அக்கா ஆட்டோவில் இலை மூட்டைகளோடு வந்து சேர்ந்தார். கணவர் இல்லை, இருக்கிற துண்டு நிலத்தில் தானே கிள்ளிய இலை. மறுநாள்வரை அது தாங்காது. தலைவர் கண்ணைக் காட்டினார். மூட்டைகளை அவிழ்த்து மொத்தத்தையும் ரோட்டில் கொட்டினார்கள். அக்கா திட்டியதை அச்சில் போட முடியாது. தலைவர் என்னைக் கைகாட்டினார்.

"ஆளத் தொடலீங்க அக்கா. பொருளத்தான் தொட்டோம். சாரே சொல்லியிருக்காரு."

அக்கா என்னைப் பார்த்த பார்வைக்குச் சாபமே தேவலை. பிறகு அந்த இலைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மதியம் அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொள்ள, தலைவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். எல்லோரும் எழுந்தோம். அக்கா எழவில்லை. பஸ்கள் ஹாரன் அடித்தன. எழுப்ப வந்த போலீஸ்காரர், பெண் போலீஸ் வரட்டும் என்று நழுவினார்.

"எந்திரிங்க அக்கா, போராட்டம் முடிஞ்சுது" என்றார் தலைவர்.

"உங்குளுது முடிஞ்சுதுங்க. என்னுது இப்பத்தான் ஆரம்பம். அள்ளிப் போடுங்க."

நின்ற வண்டிகளின் வரிசை வளைவைத் தாண்டி நீண்டதும் தலைவர் குனிந்து அள்ள ஆரம்பித்தார். நானும் குனிந்தேன்.

"நீங்க உடுங்க சார். புல்லையும் சேத்தி அள்ளிப்போடுவீங்க" என்றார் அக்கா.

மிதிபட்ட இலையை எந்த ஃபேக்டரியும் வாங்காது. அது அக்காவுக்கும் தெரியும். கடைசி மூட்டை ஆட்டோவில் ஏறிய பிறகுதான் எழுந்தார். தலைவரைக் கைகாட்டி, அவர் காதுபடவே ஆட்டோக்காரரிடம் சொன்னார்:

"ஃபேக்டரிக்கு வேண்டாம் தம்பி. இவுரு ஊட்டு வாசல்ல கொட்டிப்போடு. பொருளத் தொடலாமாமல்ல."