ரெனாட்டாவின் செவ்வாய்க்கிழமை வான்கோழி

ரெனாட்டா டொம்ப்ரோஸ்கி எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு மாற்றலாகி வந்தபோது, சாப்பாட்டு மேஜைமேல் பழைய செய்தித்தாள்களும் யாரோ கழற்றிப் போட்ட கையுறைகளும் கிடந்தன. அவள் அதையும் சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகளையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வேட், இங்க யாராவது செத்துட்டாங்களா என்ன?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். உண்மையிலேயே ஒருவர் செத்திருந்தார். குளிர்காலத்துக்கு முன்பு ஒரு வீடு எரிந்தபோது மாடியில் ஒரு கிழவர் மாட்டிக்கொண்டார். எங்கள் ரஸ் ஹேகன் உள்ளே தேடிக்கொண்டிருந்தான். வெளியே வா என்று கேப்டன் லைல் கத்தினார். அவன் வரவில்லை. அவரே உள்ளே போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். இன்னும் ஒரே ஒரு அறைதான் பாக்கியிருந்தது என்றான் ரஸ். கூரை தலையில் விழ இருந்தது என்றார் லைல். அது வரைக்கும் லீவு நாளில்கூட ஒன்றாக மீன் பிடிக்கப் போன இருவரும் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

சாப்பாடும் பிரிந்தது. கேப்டன் தன் அறையில், ரஸ் டிவி முன்னால், நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி. வண்டி ஓட்டுகிறவனுக்கு வண்டியே துணை. ஆனால் சாப்பாடு பெரிய விஷயமில்லை. புகைக்குள் இருக்கும் ரஸை கேப்டன் ரேடியோவில் கூப்பிட்டால், அவன் வாயைத் திறக்க மாட்டான். கூடப் போகிறவர்தான் இருவருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். இப்போது கூடப் போகிறவள் ரெனாட்டா.

முதல் தடவை அப்படி ஒரு புகைக்குள் போய்விட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிப் படியில் வைத்தாள். கோபத்தில் அவள் முகம் சிவந்திருந்தது.

"நான் உள்ள மயங்கி விழுந்துட்டா யாரு பதில் சொல்றது? அவரு வெளிய நின்னு கத்துவாரு, இவன் ஊமை மாதிரி நிப்பான். எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க, வேட்."

"மேலிடத்துல சொல்லிடு."

"சொன்னா ரெண்டுல ஒருத்தரைத் தூக்குவாங்க. மிச்சம் இருக்கிற ஆளு இதே மூஞ்சியோட இன்னொருத்தன்கிட்ட போய் நிப்பான். அதெல்லாம் வேணாம். இவங்களை ஒரே மேஜையில உட்கார வைக்கிறேன் பாரு."

நான் சிரித்தேன். நல்லவேளையாக அவள் பார்க்கவில்லை.

பழைய காகிதங்களை அள்ளி வெளியே எறிந்தாள். மேஜையைத் தேய்த்துக் கழுவினாள். அடுத்த முறை எல்லோருக்குமாக பீன்ஸும் மாட்டுக்கறியும் போட்டுக் காரமாகக் கொதிக்க வைத்தாள். கேப்டன் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு அறைக்குப் போனார். ரஸ் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு டிவிக்குப் போனான். அதற்கடுத்த முறை ஸ்பகெட்டி. அதுவும் கிண்ணத்தோடு நடந்து போனது. சும்மா சொல்லக்கூடாது, ருசியில் குறையில்லை. மேஜையில் அவள் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கே பாவமாகி எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"கிண்ணத்துல போடறதுதான் தப்பு" என்றாள், வாயில் ஸ்பகெட்டியோடு. "தூக்கிட்டுப் போக முடியாத ஒண்ணைப் பண்ணணும்."

"சிமெண்ட் பண்ணு."

"வான்கோழி" என்றாள்.

அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் ஒரு படகுக்காகச் சண்டை போட்டு வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவர்களாம். ஆனால் தேங்க்ஸ்கிவிங் விருந்தன்று வான்கோழியை வெட்டும் கத்தி அப்பா கையில் இருக்கும். வெட்டுகிறவர் ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் ஆக வேண்டும், நெஞ்சுக்கறியா தொடைக்கறியா என்று. கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் ஊரில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை, நடக்கப் பழகுவதுபோல வந்துவிடும்.

"தேங்க்ஸ்கிவிங் நவம்பர்லல்ல வருது" என்றேன். "இது பிப்ரவரி. அதுவும் செவ்வாய்க்கிழமை. முழு வான்கோழி வேக நாள் பூரா ஆகும். நடுவுல மணி அடிச்சா என்ன பண்ணுவ?"

"முழுசு யாரு வாங்கறா?"

எலும்போடு ஒரு நெஞ்சும் இரண்டு தொடையும் வாங்கி வந்தாள். உருளைக்கிழங்கு, காரட், வெங்காயம் எல்லாவற்றையும் பெரிது பெரிதாக நறுக்கி அகலத் தட்டில் பரப்பினாள். வெண்ணெயில் பூண்டும் உப்பும் மிளகும் பிசைந்து தோலுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினாள். கறியைக் காய்மேல் வைத்து, தட்டை ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான் வேலை. கொஞ்ச நேரத்தில் கட்டிடம் பூராவும் மணந்தது. கேப்டன் அறைக்கதவு தானாகத் திறந்துகொண்டது.

அப்போது மணி அடித்தது.

எங்கள் நிலையத்தில் மணி அடித்தால் அடுப்புக்கு வரும் எரிவாயு தானாக நின்றுவிடும். ஊர்த் தீயை அணைக்கப் போனவர்கள் சொந்த வீட்டைக் கொளுத்திக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. போனால், ஒரு வீட்டில் ரொட்டி கருகியதற்கே அலாரம் அலறியிருக்கிறது. உடனே திரும்பிவிட்டோம். ரெனாட்டா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் எரிவாயுவைத் திறந்து ஓவனைப் பற்றவைத்தாள்.

"தூக்கிப் போட்டுட்டு பீட்சா சொல்லும்மா" என்றார் கேப்டன்.

"பீட்சாவை ஆளுக்கொரு துண்டாத் தூக்கிட்டு ஓடிடுவீங்க, கேப்டன். ஓவன் இன்னும் சூடாத்தான் இருக்கு. இது வேகும்."

எலும்பு ஓரம் வரைக்கும் வெந்துவிட்டதா என்று கம்பி மாதிரி இருக்கும் வெப்பமானியைக் குத்திக் குத்திப் பார்த்தாள். வெந்தது. நான்கு தட்டு, நான்கு நாற்காலி. தட்டு நிறையப் பொன்னிறமாகக் கறி நடுவில் வந்ததும், ரஸ் டிவியை அணைத்துவிட்டு வந்து நின்றான். எடுத்துக்கொண்டு போக ஒன்றும் வெட்டப்பட்டிருக்கவில்லை. உட்கார்ந்தான். ரெனாட்டா கத்தியைக் கேப்டன் கையில் கொடுத்தாள்.

"நீங்கதான் வெட்டணும்."

என்னைக் கேட்டு என் தட்டில் வைத்தார். அவளைக் கேட்டு அவள் தட்டில் வைத்தார். பிறகு கத்தி நின்றது. தலை நிமிராமல் கேட்டார்.

"ரஸ். நெஞ்சா, தொடையா?"

ரஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எதுவும் சொல்லிவிடாமல் இருக்க ரெனாட்டா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அவன் வாயைத் திறந்தான். மறுபடியும் மணி.

இந்த முறை நிஜமான தீ. ஒரு பழைய மரவீட்டின் நிலவறை. வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள், ஆனால் மேலே இன்னும் ஒருவர் இருக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ரெனாட்டாவும் ரஸும் உள்ளே போனார்கள். நான் தண்ணீர் பம்பைப் பிடித்தேன். கேப்டன் எனக்குப் பக்கத்தில் நின்று ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகை நிறம் மாறியது. அதே நேரத்தில், மேலே இருந்ததாகச் சொன்ன ஆள் தெருமுனையில் நடந்து வந்தான்.

"எல்லாரும் வெளிய இருக்காங்க" என்றார் கேப்டன் ரேடியோவில். "தரை தாங்காது. ரஸ், வெளிய வா."

பதில் இல்லை.

வழக்கமாக இந்த இடத்தில் ரெனாட்டாவின் குரல் வரும். வரவில்லை. அவள் அவன் கோட்டைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துக்கொண்டேதான் இருந்தாளாம், ஆனால் ரேடியோவைத் தொடவில்லை. இந்தத் தடவை அவனே சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாளாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? கேப்டன் முகத்தில் ரத்தமே இல்லை. மூச்சுக்கருவியை எடுக்கக் கையை நீட்டிவிட்டார்.

"ரஸ்" என்றார் மறுபடி. கட்டளைபோலவே இல்லை, கெஞ்சலாக இருந்தது. "வாடா."

ரேடியோ கரகரத்தது.

"தொடை" என்றது ரஸின் குரல். ஊரில் இருந்த எல்லா வண்டிக்கும் அது கேட்டிருக்கும். "வந்துட்டிருக்கேன், லைல்."

கேப்டன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் வலிக்கிற மாதிரி அழுத்தின. வாசலில் முதலில் ரெனாட்டாவும் அவள் பின்னால் அவனும் தெரிகிற வரைக்கும் விடவில்லை.

"சரி" என்றார் ரேடியோவில். "தோலோட வைக்கிறேன்."