நிறஞ்சனா காத்திருந்த ஞாயிறு

என் தங்கை நிறஞ்சனாவுக்குப் பத்தொன்பது வயதில் பைத்தியம் பிடித்தது. பைத்தியத்தின் பெயர் நிறோஜன். எங்கள் முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கிறவன். இருபது பேர் சேர்ந்து அம்பாப் பாட்டுப் பாடி வலை இழுத்தாலும் அவன் குரல் மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்குமாம்.

"காதிலயும் கோளாறோடி?" என்று கேட்பேன். சிரிப்பாள். சோறு இறங்காது.

அவனுக்கே கட்டிவைத்தோம். முதல் இரண்டு வருடம் அவர்கள் வீட்டுக்குப் போகவே எனக்குக் கூச்சம். கடலால் வந்தவன் குளிக்காமல்கூட நேரே குசினிக்குள் அடுப்படியில் நிற்பவளிடம் போய்விடுவான்.

பிள்ளை பிறந்தபின் தூரத்துக் கரையொன்றில் மீன்பிடிக் குடிசையாக ஒரு வாடி போட்டு அங்கேயே தங்கினான். முதலில் சனிக்கிழமை தவறாமல் வந்தான். பிறகு பெருநாளுக்கு மட்டும். வந்தாலும் சாப்பிடுவான், போனைப் பார்ப்பான், படுப்பான். வேறு பெண் இல்லை, நன்றாக விசாரித்தேன். குடியும் இல்லை. ஏதாவது இருந்திருந்தால் வாய் நிறைய ஏசியிருப்பேன். அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

"என்னோட ஒருக்கா மனசுவிட்டுக் கதைச்சால் போதும் அக்கா. வேற ஒண்டும் வேண்டாம்" என்று ஏழு வருடம் அழுதாள்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அடுத்துவரும் திருக்குடும்ப ஞாயிறன்று எங்கள் கோயிலில் கணவன் மனைவியர் எழுந்து, கைபிடித்து, கலியாண வாக்குறுதியைத் திரும்பச் சொல்வார்கள். "அது புதுசாக் கட்டின ஆக்களுக்கு" என்று அவன் வரமாட்டான். இவள் விதவைகளோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

போன வருடம் கார்த்திகையில் வாடியில் அவனோடு இருந்த ஒருவன் கடலில் மூழ்கிச் செத்தான். அந்த நத்தாருக்கு வந்த நிறோஜன் வேறு ஆளாக இருந்தான். ஞாயிறன்று கேட்காமலே கோயிலுக்கு வந்தான். அவள் கையைப் பிடித்து, "இன்பத்திலும் துன்பத்திலும்" என்று தொடங்கியவனுக்குக் குரல் உடைந்தது. கண்ணீர் ஓடியது. வெட்கத்தை விட்டு நானும் விம்மினேன். தங்கை வென்றுவிட்டாள் என்றே நினைத்தேன்.

கோயில் வாசலில் நின்று, "இனி வாடிக்குப் போகேல்லை நிறஞ்சனா. உன்னோடதான் இருப்பன்" என்றான்.

"ஓம்" என்றாள்.

அவன் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனதும் என் கையை இறுகப் பிடித்தாள்.

"அக்கா, அவர் அழேக்குள்ள, குசினிக் கதவைச் சாத்தினனானோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

"அதுக்கென்னடி இப்ப?"

"மனசில வேற ஒண்டும் வரேல்லை அக்கா. எவ்வளவு தேடியும் வரேல்லை."

இப்போது யாரைப் பிடித்து ஏசுவது?

"போய் ஏறு, பாத்துக்கொண்டு நிக்கிறான்" என்றேன். ஏறினாள்.

அவன் சொன்ன சொல் தவறவில்லை. வாடியைப் பிரித்துவிட்டான். இப்போதெல்லாம் பொழுதுபட முன்னமே வீட்டுக்கு வந்துவிடுகிறான். வாசல் படலையில் அவன் சத்தம் கேட்டதும் தங்கை கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவி, ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே போகிறாள்.