ராஜலட்சுமி நிறுத்திய பிரஸ்

சேரப்பணஞ்சேரி ராஜலட்சுமிக்கு அன்று பயிற்சி வகுப்பில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவள் அவள். 'பேரழிவுகள் தரும் தலைமைப் பாடங்கள்' என்று திரையில் போட்டு, சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் போபால் விஷவாயுக் கசிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ரசாயனத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரத்தை முன்பே நிறுத்திவைத்திருந்தார்களாம்.

"அது தெரிஞ்சேதான் அங்க வேலை நடந்துச்சு" என்றார் அவர்.

முன்வரிசையில் பிளான்ட் மேனேஜர் விஜயராகவன் தலையாட்டினார். ராஜலட்சுமியின் காதிலோ, தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்யும் ஆபரேட்டர் ஜோதி காலையில் சொன்னதே ஓடியது.

"யக்கா, கை குறுக்கே போனா பிரஸ் தானா நிக்கணும்ல? சில நேரம் நிக்க மாட்டேங்குதுக்கா."

"லாரி வெயிட்டிங்குடி. ஷிப்ட் முடியட்டும், மெயின்டனன்ஸ்ல சொல்றேன்."

இவள் இப்படிச் சொன்னதும் ஜோதி பிரஸ்ஸுக்கே திரும்பிப் போனாள். இந்த நிமிஷமும் அந்தக் கை உள்ளே போய் வந்துகொண்டிருக்கும்.

பாதி வகுப்பில் எழுந்தாள். நடந்தவள் ஓடினாள். சிவப்புப் பொத்தானை அறைந்து பிரஸ்ஸை நிறுத்தினாள்.

பின்னாலேயே விஜயராகவன் வந்துவிட்டார். பிரஸ்ஸை மறுபடி ஓட்டி, கைக்குப் பதிலாக மரக்கட்டையைக் குறுக்கே நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பிரஸ் ஒழுங்காக நின்றது.

"என்னம்மா இது? நல்லாத்தானே நிக்குது. ஓட்டச் சொல்லு."

ராஜலட்சுமிக்குச் சந்தேகம் வந்தது. அவசரப்பட்டுவிட்டோமோ?

"ஜோதி பொய் சொல்ல மாட்டா சார். பிரிச்சுப் பாக்காம ஓட்டச் சொல்ல மாட்டேன்."

"கஸ்டமருக்கு யாரு பதில் சொல்றது?"

"நான்தான் நிறுத்தினேன்னு சொல்லுங்க சார்."

வேறு யாரையாவது ஓட்டச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டுவிட்டு முகம் கொடுக்காமல் போனார்.

லாரி பாதிச் சரக்கோடு கிளம்பியது. சாயங்காலம் பிரித்தபோது, கை குறுக்கே வருவதை உணரும் சென்சாரின் ஒயர் ஒன்று தளர்ந்துபோயிருந்தது. பிரஸ் அதிர்கிற அதிர்வில் அது விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜோதி தன் விரல்களை ஒரு தரம் மடக்கி விரித்தாள்.

அனுமதியில்லாமல் லைனை நிறுத்தியதற்காக ராஜலட்சுமிக்கு மெமோ வந்தது. அதுவரை நடந்துவந்த அவளுடைய பதவி உயர்வுப் பேச்சு அப்படியே அடங்கியது. ஆனால் அந்த வாரமே பக்கத்து லைன் சுப்பன் கேன்டீனில் வந்து நின்றான்.

"யக்கா, நம்ம மெஷின்லயும் ஒரு சத்தம் கீதுக்கா. ரொம்ப நாளா."

"ரொம்ப நாளாவா? ஏன்டா சொல்லல?"

"சொல்லி இன்னா ஆவப்போவுதுன்னு வுட்டுட்டேன்."

இன்னும் எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்களோ? ராஜலட்சுமி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, அந்த மெஷினைப் பார்க்க அவன் பின்னால் நடந்தாள்.