டேர் கழித்த எடை

எங்கள் வீட்டில் காலையில் எழுந்ததும் யாரும் டீ கேட்பதில்லை. கட்டிலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி எடை மிஷினைக் காலால் இழுத்து, முதலில் என் வீட்டுக்காரர் செல்வின் ஏறுவார், பிறகு நான். நேற்றைவிட அவருக்குக் கூடியிருந்தால் அது தண்ணீர். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோனவருக்கு அடுத்த டயாலிசிஸ் வரை வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிட்ட தண்ணீர். எனக்குக் கூடியிருந்தால் அது வெறும் சதை. ஊரில் இருக்கும் நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள். நம் பக்கம் கருப்பட்டியை நிறுப்போம், கோழியை நிறுப்போம், வளர்ந்த ஆளைத் தினமும் நிறுக்கிற வீடு உண்டா? திருப்பூரில் ஒன்று உண்டு. தாராபுரம் ரோட்டில் லைன் வீடுகளில் நாலாவது.

நான் நாங்குநேரிக்குத் தெற்கேயிருந்து கல்யாணம் முடிந்த கையோடு இங்கே வந்தவள். பனியன் கம்பெனி கோடவுனில், வந்து இறங்கும் துணி ரோல்களை எடை போட்டு நோட்டில் எழுதுகிற வேலை. சேர்ந்த முதல் நாள், ஸ்டோர் பொறுப்பிலிருந்த மகேஸ்வரி அக்கா மிஷின் சத்தத்துக்கு நடுவே, "டேர் கழிச்சு எழுதுங்க கண்ணு" என்றார். என் காதில் விழுந்தது தேர். அவிநாசித் தேர் நெருங்கிய நேரம். வாடகை வீட்டுக்கு வெள்ளையடிப்பதிலிருந்து கேஸ் இணைப்பு வரை யாரிடம் எதைக் கேட்டாலும் தேர் கழிச்சுப் பார்த்துக்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரி, இந்த ஊரில் எடை எழுதுவதும் தேருக்கு அப்புறம்தான் போல என்று மூன்று நாள் நோட்டை வெறுமனே வைத்திருந்தேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏனுங், ஒரு ரோல்கூட எழுதலீங்களா?" என்று கேட்டார். "தேர் இன்னும் முடியலயே" என்றேன். கோடவுனே விழுந்து விழுந்து சிரித்தது. துணி சுற்றியிருக்கும் அட்டைக் குழாயின் எடைதான் டேர். அதைக் கழித்தால்தான் துணியின் எடை. ரொம்ப நாளைக்கு எனக்குத் 'தேர்க்காரி' என்றே பெயர்.

என் சிறுநீரகம் செல்வினுக்குப் பொருந்தும் என்று ரிப்போர்ட் வந்த அன்று, கோயம்புத்தூரிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் சந்தோஷத்தில் அழுதேன். ஆனால் இந்த எடையில் என்னை மேஜையில் படுக்கவைக்க முடியாது, எட்டு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்வினுடைய இதயம் தாங்கும்வரைதான் அவகாசம். ஆஸ்பத்திரியில் உணவுச் சீட்டு எழுதித்தந்த டயட்டீஷியன் அம்மா ஒன்று சொன்னார். செல்வினுக்குத் தினமும் எடை பார்க்க வேண்டும். நான் மட்டும் வாரம் ஒருமுறை, திங்கள் காலை, வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். தினம் பார்த்தால் பயம்தான் மிஞ்சும்.

நான் கேட்கவில்லை. வீட்டில் ஒருமுறை, கோடவுன் தராசில் டீக்கு முன்னால், டீக்குப் பின்னால், பாத்ரூம் போய்வந்த பின்னால் என்று ஆறேழு முறை ஏறினேன். வளையலைக் கழற்றிவைத்துவிட்டுக்கூட ஏறியிருக்கிறேன். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தால் கால் கிலோ கூடும். அன்று முழுக்க முகம் செத்துப்போகும்.

ஒருநாள் மகேஸ்வரி அக்கா பொறுக்க மாட்டாமல் சொன்னார்: "ஏனுங் ஜெபா, டையிங்ல இருந்து வந்த துணிய ஆற வெக்காம எடை போட்டா நீங்கதான் மொதல்ல சண்டைக்குப் போவீங்க. உங்க ஒடம்ப மட்டும் ஈரத்தோட போட்டுப் பாக்கறீங்களே?"

"துணி காஞ்சு வர்றவரைக்கும் காத்துக் கிடக்கும்க்கா. அவரு காத்திருப்பாரா?" என்று வெடித்தேன். அக்கா அடுத்த ரோலை உருட்டிக்கொண்டு வந்தார்.

ஐந்து மாதத்தில் ஆறு கிலோ போனது. இன்னும் இரண்டுதான். அப்போதுதான் எங்கள் ஊர்ச் சபையில் அசனம் வந்தது. ஊரே கோயில் வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை. செல்வினுக்காக விசேஷ ஜெபம் வைத்திருக்கிறார்கள் என்று அம்மா கூப்பிட்டாள். அவரை அவர் தம்பி வீட்டில் விட்டுவிட்டு மூன்று நாள் போனேன்.

வாசலில் என்னைப் பார்த்ததுமே அம்மா அழுதாள். "என்னளா, எலும்பும் தோலுமா வந்து நிக்க!"

"நான் மெலியணும்மா. மெலிஞ்சாத்தான் அவருக்குக் குடுக்க முடியும்."

"மெலிஞ்சவகிட்ட எடுத்தா சீக்காளிக்கு வைப்பாவ? நல்லாச் சாப்பிட்டுத் தேறுளா. நீ தேறினாத்தான அவனுக்குக் குடுக்கத் தெம்பு இருக்கும்?"

நம் பக்கம் உடம்பு பெருத்தால் தேறிவிட்டாள் என்போம். அங்கே அது நல்ல செய்தி. ஜெபம் பண்ணிய சோற்றை எப்படி வேண்டாம் என்பது என்று வேண்டுமானால் சாக்குச் சொல்லலாம். உண்மை என்னவென்றால், எனக்குப் பசித்தது. ஐந்து மாதப் பசி. கறிக்குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று நாளும் சாப்பிட்டேன்.

திரும்பி வந்து ஏறினால் இரண்டரை கிலோ கூடியிருந்தது. பாதிக்கு மேல் தண்ணீராகத்தான் இருக்கும். துணி விஷயத்தில் அடுத்தவருக்குப் பாடம் எடுக்கிறவளுக்கு அது தெரியாதா? தெரிந்தும் சோற்றை நிறுத்தினேன். நான்காம் நாள் கோடவுன் தராசின் மேலேயே மயங்கி விழுந்தேன். சங்கதி கோயம்புத்தூருக்குப் போனது. கொடுக்கிறவளே இப்படி விழுந்தால் எப்படி, இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு மெதுவாகக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று தள்ளிவைத்துவிட்டார்கள்.

அந்த இரண்டு மாதத்துக்குள் செல்வினுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. டாக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்து, இதயம் பலவீனமாகிவிட்டது, இனி ஆபரேஷனைத் தாங்காது என்றார். உங்கள் தப்பு இல்லை என்றும் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நான் சாப்பிட்ட கறிக்குழம்பு எனக்கல்லவா தெரியும். கிளம்பும்போது நர்ஸ் பெண் ஆறுதலாக, "தேர் கழிச்சு ஒருக்கா வாங்கக்கா, பாத்துக்கலாமுங்க" என்றாள். இந்த முறை எனக்குச் சரியாகவே கேட்டது.

போன திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றில், முறைப்படி ஏறினேன். சரியாக எட்டு கிலோ குறைந்திருந்தது. கீழே ஒளிர்ந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை மாதமாக நான் கும்பிட்ட எண். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஆஸ்பத்திரியில் இப்போது ஆளில்லை.

கையிலிருந்த போன் அடித்தது. அம்மா. "தேறிட்டியாளா?"

"தேறிட்டேம்மா."

போனை வைத்ததும் கட்டிலில் இருந்தபடியே செல்வின் கேட்டார்: "ஏ பிள்ள, எவ்வளவு?"

என் எடைக்காகத்தான் ஆபரேஷன் நிற்கிறது என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் ரெண்டு கிலோ இருக்குங்க" என்றேன்.

"பரவால்ல. தேர் கழியட்டும்" என்றார். வீங்கிய காலை மெல்லக் கீழே இறக்கி எட்டிப் பார்க்க வந்தார். அதற்குள் நான் இறங்கிவிட்டேன். கண்ணாடியில் பூஜ்யம் வந்திருந்தது.