ஓரத்தில் மடிந்த சம்பந்தியம்மாள்

என் மாமியாருக்குப் பிள்ளைகள் ஐந்து. மூத்தவர் என் வீட்டுக்காரர். அடுத்தவள் பெரியவள். நடுவில் இரண்டு ஆண்கள். அவர்கள் இந்தக் கதைக்கு வேண்டாம், எந்தக் கதைக்கும் அவர்கள் வந்து நின்றதில்லை. கடைக்குட்டிதான் சின்னவள். இது அவள் கதை. ஆனால் பெரியவளை விட்டுவிட்டுச் சின்னவளைச் சொல்ல முடியாது. பூட்டைப் பற்றிப் பேசினால் சாவியையும் பேசித்தானே ஆக வேண்டும்.

சின்னவளுக்குத் தொழில், போட்டோவைக் கேன்வாஸ் துணியில் அச்சடித்து, கையால் தீட்டின ஓவியம் மாதிரி ஆக்கிக் கொடுப்பது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பல் டாக்டர் ஒருவருடைய மாடிப்படிக்குக் கீழே நீளவாக்கில் ஓர் அறை. மேலே பல்லைக் குடைகிற சத்தம், கீழே மிஷின் ஓடுகிற சத்தம். மேலே காத்திருந்து அலுத்தவர்கள் கீழே இறங்கி வந்து படம் பார்ப்பார்கள். ஒருநாள் கன்னம் பந்துபோல வீங்கிய ஒருவர் வந்து, "இந்த மூஞ்சியையும் அழகா போட முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"முதல்ல வீக்கம் வடியட்டுங்க. இப்பவே போட்டா துணி பத்தாது" என்றாள்.

அவள் வாய் அப்படி. ஆனால் கை பொறுமையான கை. முதலில் போட்டோ ஸ்டுடியோவில் படம் வெட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பேனர் அடிக்கிற கடையில் சேர்ந்து, கதவு உயரத்துக்கு மூக்கு, ஜன்னல் அகலத்துக்குக் காது என்று அச்சடித்துப் பழகினாள். அந்தப் பெரிய மூக்குகள் அலுத்துப் போய்த்தான் இந்தத் தொழிலுக்கு வந்தாள்.

வேலை இப்படி நடக்கும். போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கூர்மையான இடங்களை மழுக்கி, மரத்து இலைகளையெல்லாம் தூரிகையால் ஒற்றி வைத்தது மாதிரி திட்டுத்திட்டாக ஆக்குவாள். பிறகு மிஷின் துணியில் அச்சடிக்கும். காய்ந்த பிறகு மேஜையில் விரித்து, நிறமே இல்லாத ஒரு ஜெல்லைத் தூரிகையால் பூசுவாள். முடி இருந்தால் முடி போகிற போக்கில், கன்னம் இருந்தால் வட்டமாக, சேலை இருந்தால் மடிப்புக்கு மடிப்பு. அது காய்ந்து வெளிச்சம் பட்டால், எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த படம் தோற்றுப் போகும். கடைசியில் துணியைக் குப்புறப் போட்டு, மரச்சட்டத்தின் மேல் குறடால் இழுத்து, பின்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடிப்பாள். படத்தின் ஓரம் சட்டத்தின் பக்கவாட்டில் மடிந்து போய்விடும். அதனால்தான் யார் படம் கொடுக்க வந்தாலும் அவள் முதலில் கேட்கிற கேள்வி, "ஓரத்துல முக்கியமான ஆளு யாராவது இருக்காங்களா?" என்பது. இருந்தால், அந்த ஆளுக்கு அப்பால் கொஞ்சம் சுவரையோ வானத்தையோ கம்ப்யூட்டரிலேயே நீட்டிக்கொள்வாள். மடிகிறது சுவராகப் போகட்டும், ஆள் முன்னால் நிற்பார்.

ஜெல் பூசும்போது படத்தோடு பேசுவாள். "கொஞ்சம் சிரிச்சா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று யாரோ ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரைப் படத்தில் அதட்டுவதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன்.

எல்லோரும் மெச்சினார்கள். பெரியவள் மட்டும் மெச்சவில்லை. "மிஷின்தானே போடுது? பட்டனை அமுக்க ஒரு ஆளு வேணும், அதுக்கு நீ" என்பாள். என் மாமியார் வேலைக்குப் போன காலத்தில் சின்னவளுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, இடுப்பில் சுமந்து வளர்த்தவள் பெரியவள். அவள் வாயால் ஒரு தடவை, இது உன் கை வேலை என்று வந்துவிட்டால் போதும் என்று சின்னவள் காத்துக் கிடந்தாள். மற்றவர்கள் எவ்வளவு புகழ்ந்தாலும் அவளுக்கு அது உப்பில்லாத சாப்பாடுதான்.

அப்படியிருக்க, பெரியவளே ஒருநாள் கூப்பிட்டாள். "ஹால்ல மாட்ட ஒரு படம் போட்டுக் குடு. குடும்பப் படம். சட்டம் நல்லா தடியா இருக்கட்டும், மெல்லிசா இருந்தா கேலண்டர் மாதிரி இருக்கும்."

அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு விவகாரம் இருந்தது. பெரியவளின் இரண்டாவது மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தியம்மாள் லேசுப்பட்டவள் அல்ல. அவளுடைய மூத்த நாத்தனாரைத்தான் என் சித்தப்பா மகனுக்குக் கொடுத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் எனக்கு அக்கா முறை, இப்படிப் பார்த்தால் சம்பந்தி முறை. எப்படி எண்ணினாலும் மரியாதை கொடுத்தே தீர வேண்டிய ஆள். கல்யாணத்தன்று அவளுக்குப் போட்ட நாற்காலி ஒரு தூணுக்குப் பின்னால் அமைந்துவிட்டது. "பொண்ணைப் பெத்த எனக்குத் தூணைப் பார்க்கிற பாக்கியம்தான் கிடைச்சுது" என்று போனவள், வெகுகாலம் பெரியவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நடுவில் கிடந்து தவித்தது மருமகள்தான். தாய் வீட்டுக்குப் போனால் மாமியாரைப் பற்றிக் கேள்வி, இங்கே வந்தால் தாயைப் பற்றிக் கேள்வி. ஒருவழியாகச் சமாதானம் ஆகி சம்பந்தியம்மாள் சாப்பிட வந்த அன்று, சின்னவளே எடுத்த போட்டோ அது. எல்லோரும் நின்றபிறகு கை கழுவிவிட்டு வந்த சம்பந்தியம்மாள், கடைசியில் ஒட்டி நின்றாள்.

ஓரத்தில் நின்றாள் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்துவிட்டது. சின்னவளுக்குத்தான் புரியாமல் போனது.

ஊரார் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவள் தன் வீட்டுப் படத்திடம் கேட்கவில்லை. நடுவில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள் அல்லவா, இவள் கண் அங்கேயே நின்றுவிட்டது. பெரியவளின் தாடைக்குக் கீழே தொங்கின சதையைப் பட்டும் படாமல் குறைத்தாள். முழுக்க எடுத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயம். சேலைக் கரைக்கு மட்டும் ஒரு நாள் முழுக்கத் தூரிகை பிடித்தாள். சம்பந்தியம்மாளுக்கும் கன்னத்தில் வட்டமாக ஜெல் பூசத்தான் செய்தாள், குறை வைக்கவில்லை. பிறகு குப்புறப் போட்டு, இழுத்து, பின் அடித்தாள். நிமிர்த்தியதும் அக்கா முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்தாள். நன்றாக விழுந்தது. போர்வையைச் சுற்றிவிட்டாள்.

சம்பந்தியம்மாள் மறுபடி ஒருநாள் மதியம் சாப்பிட வருவதாக இருந்தது. முந்தின நாள் மாலையில் சின்னவளும், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரரும் படத்தைக் கொண்டுவந்து மாட்டினார்கள். நானும் அங்கே இருந்தேன். பெரியவள் கண்ணாடி போட்டுக்கொண்டு எதிரே நின்றாள். தன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"பரவாயில்லையே" என்றாள்.

சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஷின் நல்லாத்தான் போட்டிருக்கு."

மூச்சு இறங்கிவிட்டது. பெரியவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய் ஓரத்தில் நின்றாள். "இது யாரு காது?"

ஒரு காதும் ஒரு தோளும் மட்டும் நின்றன. பெரியவளின் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். ஆணி சரியாக இறங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டில் எட்டிப் பார்த்தவர் சொன்னார், "இங்க ஒருத்தங்க இருக்காங்க."

எல்லோரும் அந்தப் பக்கம் போனோம். தடிச் சட்டத்தின் பக்கவாட்டில், கண்ணும் மூக்கும் வாயுமாகச் சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை பின்பக்கம் மடிந்து சுவரைப் பார்த்துப் போயிருந்தது.

"தூணுக்குப் பின்னால உட்கார வெச்சதுக்கே அந்தப் பாடு படுத்தினாங்க. இப்ப சட்டத்துக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கியேடி" என்று பெரியவள் தலையில் கை வைத்தாள். "உன் கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"நேத்து வரைக்கும் மிஷின் போட்டுச்சு. இன்னைக்கு மட்டும் என் கையா?"

"நல்லா வந்தா மிஷின். நாசமா வந்தா ஆளு. உலகத்துல எல்லாம் அப்படித்தான்."

"அண்ணி, நீங்களே கேளுங்க இந்த நியாயத்தை" என்று சின்னவள் என் பக்கம் திரும்பினாள். இரண்டு நாத்தனார்களுக்கு நடுவில் நியாயம் சொன்ன அண்ணி யாரும் நல்ல பேரோடு வாழ்ந்ததாக நான் கேள்விப்படவில்லை. படத்தைப் பிரித்து மறுபடி இழுக்க முடியாதா என்று மட்டும் கேட்டேன். மடிந்த இடத்தில் சாயம் வெடித்துவிடுமாம், சம்பந்தியம்மாள் மூக்கில் கோடு விழுமாம். புதிதாக அடித்தால் காயவே நாளாகும். கழற்றி வைத்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. உங்க படம் ஹாலில் மாட்டியாச்சு என்று பெரியவள் போனில் சம்பந்தியம்மாளிடம் ஏற்கெனவே பீற்றிக்கொண்டுவிட்டாள்.

பஸ்காரர் யோசித்தார். அவர் எதையும் போகிற வழி, வருகிற வழியாகத்தான் யோசிப்பார். "அக்கா, அவங்களை முன்வாசல் வழியா கூட்டிட்டு வந்தாத்தானே காது தெரியும்? பின்வாசல் வழியா, சமையலறையைத் தாண்டி கூட்டிட்டு வாங்க. நுழைஞ்சதும் நேரா அவங்க மூஞ்சிதான்."

வேறு வழியில்லாத வீட்டில் அதுவும் ஒரு யோசனையாகிவிட்டது.

மறுநாள் சம்பந்தியம்மாள் வந்து இறங்கினாள். பெரியவள் வாசலிலேயே போய் நின்று, "வாங்க சம்பந்தி, இப்படிப் பின்பக்கமா வாங்க, காத்தோட்டமா இருக்கும்" என்றாள்.

சம்பந்தியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். "ஏன், முன்வாசல்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. தரை ஈரமா இருக்கு."

"ஈரத்துல நடந்து பழகினவதான் நான். பின்வாசல் வழியா வர்றதுக்கு நான் என்ன பாத்திரம் தேய்க்கவா வந்தேன்?"

சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகவே நுழைந்தாள். உலர்ந்த தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு படத்தின் முன்னால் போய் நின்றாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். மருமகள் தண்ணீர்ச் செம்போடு சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"நான் எங்க?"

பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பெரியவள் தொண்டையைச் செருமி, "அது வந்து சம்பந்தி, இந்த மிஷின் இருக்கு பாருங்க..." என்று ஆரம்பித்தாள்.

மிஷின் மேல் பழி போக விட்டிருந்தால் சின்னவள் தப்பித்திருப்பாள். ஆனால் அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. முன்னால் வந்துவிட்டாள்.

"மிஷின் உங்களை முழுசாத்தான் அடிச்சுதுங்க. மடிச்சது நான். மிஷினுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல. மூஞ்சிக்கு மூஞ்சி தூரிகை போட்டதும் நான்தான், ஓரத்தைப் பார்க்காம விட்டதும் நான்தான். எங்கக்கா மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். இப்படி வாங்க, பக்கத்துல வந்து பாருங்க."

சம்பந்தியம்மாள் பக்கவாட்டுக்குப் போனாள். முகத்தைச் சட்டத்தருகே கொண்டுபோனாள். சம்பந்தியம்மாளும் சம்பந்தியம்மாளும் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டார்கள். பஸ்காரர் சத்தம் வராமல் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"இதுல நான் ஒல்லியா இருக்கேனே" என்றாள் சம்பந்தியம்மாள்.

பஸ்காரர் செருப்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"முன்னால பாரு, எல்லாரும் பஸ்ல நிக்கிற மாதிரி இடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இங்க நான் தனியா, காத்தாட நிக்கிறேன். கன்னத்துல இந்தப் பளபளப்பு எப்படிம்மா வந்தது?"

"அது ஜெல்லுங்க. வட்டமா பூசணும்."

பெரியவளுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்குமா? "நான்தான் சம்பந்தி அப்படித் தனியா வைக்கச் சொன்னேன். எல்லாரோடயும் ஒண்ணா வெச்சா உங்களுக்கு என்ன மரியாதைன்னு."

"நீ எங்க சொன்ன?" என்றாள் சின்னவள். "நான் கவனிக்காம பண்ணின தப்பு அது. வேலையை மிஷினுக்குக் குடுத்த, சரி. தப்பை நீ எடுத்துக்கப் பார்க்கறியா? தர மாட்டேன்."

சம்பந்தியம்மாள் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மருமகள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது சம்பந்தியம்மாள் பேச்சை மறுபடி எடுத்தாள். "ஏம்மா, எங்க வீட்டுக்கும் இதே போட்டோவுல ஒண்ணு போட்டுக் குடு. ஆனா எங்க வீட்டுப் படத்துல நடுவுல நான் இருக்கணும். உங்கக்காவைத் தூக்கி ஓரத்துல மடிச்சிடு. முடியுமா, இல்ல மிஷின் கேட்காதா?"

பரிமாறிக்கொண்டிருந்த பெரியவளின் கரண்டி பாதியில் நின்றது. முடியாது என்றால் சம்பந்திக்குக் கோபம், முடியும் என்றால் தானே சட்டத்தின் பக்கவாட்டில். சின்னவள் இலையைப் பார்த்துக் குனிந்து தின்றுகொண்டிருந்தாள். பெரியவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மிஷினுக்கு என்ன தெரியும். அதெல்லாம் அவ எங்க வேணும்னாலும் வைப்பா. கை அவளோடது."

சின்னவள் நிமிர்ந்தாள். "அக்கா, என்ன சொன்ன?"

"சோறு போதுமான்னு கேட்டேன்."

"போதாது, இன்னும் போடு" என்றாள் சின்னவள்.