ஒரே கூடு, இரண்டு வீறாப்பு

அலுவலகத்தில் அவனுக்கு ரெண்டுங்கெட்டான் என்று பெயர். விண்வெளி ஆய்வு இலாகாவின் ஆளான அவனை, ராணுவத்தின் விண்வெளிப் பிரிவோடு சேர்ந்து நடத்தும் கூட்டுக் கொள்முதல் அலுவலகத்துக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். ராணுவத்தார் அவனை ஆய்வுக்காரர்களின் ஒற்றன் என்றார்கள். ஆய்வுக்காரர்களோ, அவன் அந்தப் பக்கம் சாய்ந்து ரொம்ப நாளாயிற்று என்றார்கள். காபி குடிக்க யாரோடு போனாலும் மற்றவர் முறைத்தார்.

வேலை இதுதான். ஆளில்லாத விண்கலங்களை இதுவரை இரு இலாகாக்களும் தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்தன. இனி வெளிக்கூடு எல்லாம் ஒரே அச்சு, மொத்தமாக வாங்குவது, உள்ளே வைக்கும் கருவி அவரவர் இஷ்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கருவியைத் திருகி நிறுத்தக் கூட்டின் தரையில் எங்கே துளை போடுவது என்ற இடத்தில் வந்து எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது.

"எங்க அளவுக்குத்தான் போடணும்," என்றார் கர்னல்.

"என்ன அளவு சார்?"

"அது ரகசியம்."

மழைமேகங்களைப் படமெடுக்கும் கருவியைக் கவனித்துவந்த விஞ்ஞானி அம்மாவோ எதையும் மறைக்கவில்லை. தன் அளவைப் பெரிதாக எழுதிச் சுவரிலேயே ஒட்டியிருந்தார். கர்னல் அந்தச் சுவர்ப் பக்கம் தலை திருப்புவதில்லை. பார்த்தால் இறங்கிவந்ததாக ஆகிவிடுமாம்.

வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் கூட்டு அலுவலகத்தை இழுத்து மூடுவது என்று மேலிடம் சொல்லிவிட்டது. மூடினால் ரெண்டுங்கெட்டானைக் கடலோரத்து ஏவுதளக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆளுக்கொரு ஊரில் இருந்துவிட்டு, மனைவிக்கு இந்த ஊர்ப் பள்ளியில் வேலை கிடைத்து, அவர்கள் இப்போதுதான் ஒரே கூரைக்குக் கீழ் வந்திருந்தார்கள்.

"மறுபடியும் போன்லயே குடும்பம் நடத்த என்னால ஆகாது," என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். "ரெண்டு பெரிய மனுஷங்க ஒரு ஓட்டைக்குச் சண்டை போடுறாங்க. அதுக்கு நான் ஏங்க தனியா கிடக்கணும்?"

நியாயமான கேள்வி. கடைசியில் அவன் ஒட்டுப்பலகையில் அசல் அளவில் ஒரு மாதிரிக் கூடு செய்யச் சொன்னான். அவரவர் கருவியைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கட்டும். புதன்கிழமை விஞ்ஞானி அம்மாவின் கருவி உள்ளே போனது. வெளியே எடுக்கும்போது அதன் அடியில் இருந்த வளைந்த கொக்கி மாட்டிக்கொண்டது. அவன் கையை விட்டு, இடப்பக்கம் சாய்த்து, மேலே தூக்கித்தான் விடுவித்தான். போகிற போக்கில் கொக்கி அவன் சுண்டுவிரலைக் கடித்துவைத்தது.

வியாழக்கிழமை கர்னல் வந்தார். பின்னால் இரண்டு சிப்பாய்கள், போர்வை போர்த்திய ஏதோ ஒன்றைத் தூக்கிவந்தார்கள்.

"எடையாவது சொல்லலாமா சார்?"

"கூடாது."

"தூக்குறவங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே சார்."

கர்னல் திரும்பி, "மூஞ்சியைச் சாதாரணமா வைங்கப்பா!" என்று அதட்டினார். இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தார்கள்.

மாதிரிக் கூட்டைச் சுற்றித் திரை இழுக்கப்பட்டது. உள்ளே உருட்டல், முனகல். கொஞ்ச நேரத்தில் கர்னலின் தலை மட்டும் வெளியே நீண்டது.

"தம்பி, மாட்டிக்கிச்சு."

"நான் வரட்டுமா?"

"நீங்க பார்க்கக் கூடாது. ஆனா எங்க பசங்க கை உள்ள போகல. உங்க கைதான் நோஞ்சான் கை." யோசித்துவிட்டு, கர்னல் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

கண்ணைக் கட்டி அவனை உள்ளே நடத்திப்போனார்கள். கையை விட்டுத் துழாவினான். நான்கு கால்கள். ஓரத்தில் ஒரு பிடி. அடியில் வளைந்த ஏதோ ஒன்று சுண்டுவிரலை நறுக்கென்று கடித்தது, நேற்றுக் கடித்த அதே இடத்தில். அவனுக்கு வலியை விடச் சிரிப்புதான் முட்டிக்கொண்டு வந்தது. இது விஞ்ஞானி அம்மாவின் கருவியோடு ஒரே வயிற்றில் பிறந்தது, கால் நிற்கும் இடம்கூட அதேதான்! இடப்பக்கம் சாய்த்தான், மேலே தூக்கினான். வந்துவிட்டது.

"எப்படித் தம்பி இவ்வளவு சீக்கிரம்?"

"குருட்டு அதிர்ஷ்டம் சார்."

வெளியே வந்ததும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். திறக்கவும் முடியாது; திறக்காவிட்டால் ஏவுதளம். அன்று மாலை அவன் விஞ்ஞானி அம்மாவின் அறைக்குப் போனான்.

"மேடம், நீங்க கேட்ட இடத்துலயே துளை போட்டுக்கலாம். கர்னல் தரப்புல தடை வராது."

"வராதா? அந்த மனுஷன் அவ்வளவு லேசா இறங்கிவந்துட்டாரா?"

"கூட்டத்துல அதைக் குத்திக்காட்டாதீங்க மேடம்."

பிறகு கர்னலிடம் போனான். "சார், உங்க கருவி கச்சிதமா உட்கார்ற மாதிரியே துளை வரும். மேடம் மறுப்பு சொல்ல மாட்டாங்க. ஜெயிச்ச மாதிரி மட்டும் காட்டிக்காதீங்க."

"சே சே, ராணுவத்துக்கு நாகரிகம் தெரியும் தம்பி."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அப்படி ஒரு மரியாதையை அந்த அறை கண்டதில்லை. தோற்றவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று விஞ்ஞானி அம்மா பிஸ்கட் தட்டைக் கர்னல் பக்கம் நகர்த்தினார். பெண்மணி மனம் நொந்திருப்பாரே என்று கர்னல் அதைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்தினார். தட்டு நடுவில் நின்ற நேரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டு அலுவலகத்துக்கு நான்கு வருட ஆயுள் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி நம்பவில்லை. "அந்த ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்களா? என்னங்க பண்ணீங்க?"

"சொல்லக் கூடாது."

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன ரகசியம்?"

"நாட்டுப் பாதுகாப்பு."

"ஆமா, நாடே உங்களைத்தான் நம்பியிருக்கு!" என்றாள். ஆனாலும் மேற்கொண்டு கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கல்யாணப் படத்தை மாட்டச் சுவரில் ஆணி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்க, மாடியில் இருந்த வீட்டுக்காரரிடம் ஓடினாள்.